கடைசி முப்பது அடி

பாளையங்கோட்டையில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடமும் வாரம் ஒருமுறையாவது அப்பாவிடமிருந்து ஃபோன் வரும். "நெட் விட்டு விட்டு வருதுப்பா. வாசல் ரூம்ல உக்காந்தா நல்லா இருக்கு, பின்கட்டுக்குப் போனா சுத்திக்கிட்டே இருக்கு." புகார் கொடுத்தோம். கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்தார். லைன் சரியாக இருக்கிறது, ஐம்பது எம்பிபிஎஸ் வேகம் உங்களுக்குப் போதாது, நூறுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார். மாறினோம். மாதக் கட்டணம் கூடியது. பின்கட்டில் வீடியோ அப்படியேதான் சுற்றியது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் பெட்டி இருந்த இடத்தைக் கவனித்தேன். வாசல் அறையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்த சந்தில், இடுப்பு உயரத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். வயர் வீட்டுக்குள் நுழையும் இடம் அதுதான், மாட்ட வந்தவருக்கு வேலை சுலபம். பின்கட்டுக்கு அங்கிருந்து முப்பது அடிதான். நடுவில் ஒரு பீரோவும் இரண்டு ஒன்பது அங்குலச் சுவர்களும் இருந்தன.

அந்த முப்பது அடியைப் பற்றித்தான் எழுத வந்தேன். சென்னைக் கரையில் ஏறும் கடலடிக் கேபிளிலிருந்து தெருமுனைக் கம்பம் வரை தகவல் கண்ணாடி இழைக்குள் ஒளியாக வருகிறது. நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகம். அத்தனை தூரமும் பத்திரமாக வந்த ஒன்று வீட்டுக்குள் வந்ததும் கண்ணாடியை விட்டு இறங்கிக் காற்றில் போக வேண்டியிருக்கிறது. நாம் படும் தொல்லையில் பெரும்பகுதி அங்கேதான். கம்பெனியின் பொறுப்பு பெட்டியோடு முடிகிறது. மீதி முப்பது அடி நம்முடையது. அதை நம்முடையதென்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வீட்டில் 'மோடம்' என்றும் 'வைஃபை பெட்டி' என்றும் சொல்லும் அந்தப் பெட்டிக்குள் உண்மையில் மூன்று நான்கு வேலையாட்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஃபைபரில் வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றுகிறார். லைன்மேன்கள் ஓஎன்டி என்று சொல்வது இந்தப் பகுதியைத்தான். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போது வைஃபை அமைப்பை எவ்வளவு நோண்டினாலும் பயனில்லை, லைன்மேன்தான் வர வேண்டும். அதற்கு முன் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். பெட்டிக்குப் பின்னால் வரும் மெல்லிய ஃபைபர் வயர் எங்காவது சோஃபாக் காலில் நசுங்கியோ சுருக்காக மடங்கியோ இருக்கிறதா என்று. செம்புக் கம்பி மாதிரி இதை மடக்க முடியாது. வளைவு இறுகினால் ஒளி பக்கவாட்டில் கசிந்து போய்விடும்.

அடுத்தவர்தான் பெயருக்குரிய ரௌட்டர். வெளியே இருந்து பார்த்தால் நம் வீட்டுக்கு ஒரே முகவரி. உள்ளே ஃபோன், டிவி, லேப்டாப் என்று பத்துப் பதினைந்து கருவிகள். எந்தப் பதில் எந்தக் கருவி கேட்டதற்கு வந்தது என்று ஒரு பேரேட்டில் குறித்து வைத்துப் பிரித்துக் கொடுப்பது இவர் வேலை. 192.168 என்று தொடங்கும் முகவரிகளைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும்படி 1990களிலேயே ஒதுக்கப்பட்டவை அவை. உலகில் கோடிக்கணக்கான வீடுகளில் அதே எண்கள்தான் ஓடுகின்றன. பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால் பல நேரம் எல்லாம் சரியாகிவிடுவதற்கும் இந்தப் பேரேடு ஒரு காரணம். இது ஒரு சின்னக் கணினி, நினைவகம் குறைவு. மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடும்போது பேரேடு நிரம்பியோ மென்பொருள் எங்காவது சிக்கிக்கொண்டோ திணறும். அணைத்தால் புதுப்பக்கம் புரட்டிய மாதிரி.

மூன்றாமவர்தான் காற்றில் பேசுகிறவர், வைஃபை. அவரைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நம் வீடுகளில் வைஃபை பெரும்பாலும் பேசும் அலைவரிசைகள் இரண்டு: 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ். முதலாவதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர், இரண்டாவதன் அலைநீளம் அதில் பாதி. அலை குட்டையாக இருந்தால் தகவலை அதிகம் ஏற்றலாம், ஆனால் சுவர் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். அதனால் ஒரே அறையில் இருக்கும்போது 5 பறக்கும். இரண்டு சுவர் தாண்டியதும் 2.4தான் கைகொடுக்கும். நம் ஊர் வீடுகளில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். அமெரிக்கா போன்ற நாடுகளின் வீடுகளில் அறைக்கு அறை மெல்லிய பலகைச் சுவர்கள்தான் அதிகம். நம் வீடுகளில் செங்கல், சிமென்ட் பூச்சு, மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் 'இத்தனை சதுர அடிக்குப் போதும்' என்ற கணக்கு நம் சுவர்களை நினைத்துப் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

சுவரை விட மோசமானவை இரண்டு. ஒன்று உலோகம். பீரோவின் இரும்புத் தகடு அலையை அப்படியே திருப்பி அடித்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருக்கும் ரசப்பூச்சும் உலோகம்தான், அதனால் டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியும் இந்தக் கணக்கில் சேரும். இன்னொன்று தண்ணீர். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.45 ஜிகாஹெர்ட்ஸில்தான். அது ஓடும்போது சமையலறைப் பக்கம் வைஃபை தடுமாறினால் இதுதான் காரணம். மீன் தொட்டி, மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, கல்யாண வீட்டில் கூடும் நூறு பேரின் உடம்பு எல்லாமே அலைக்குத் தண்ணீர்தான்.

ஆன்டெனாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குச்சி நீட்டிக்கொண்டிருக்கும் திசையில்தான் சிக்னல் பாய்கிறது என்று பலர் நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறு. செங்குத்தாக நிற்கும் குச்சியைச் சுற்றி அலை பரவும் வடிவம் தட்டில் வைத்த மெதுவடை மாதிரி இருக்கும். குச்சி வடையின் ஓட்டைக்குள் நிற்கிறது. நாலாபக்கமும் சதைப்பற்று, மேலேயும் கீழேயும் ஓட்டை. ஒரே தளத்தில் இருக்கும் வீட்டுக்குக் குச்சிகள் நேராக நிற்பதுதான் நல்லது. மாடிக்கும் எட்ட வேண்டுமானால் இரண்டில் ஒன்றைப் படுக்க வைத்துப் பார்க்கலாம். ஒரு வடை படுத்திருக்கும், இன்னொரு வடை நிமிர்ந்து நிற்கும்.

சரி, பெட்டியை எங்கே வைப்பது? வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில். இதற்கு மேல் அளந்து பார்க்க வேண்டுமென்றால் ஃபோனில் சிக்னல் அளக்கும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. அவை காட்டும் எண் மைனஸில் இருக்கும்: பெட்டி பக்கத்தில் மைனஸ் 40 என்று இருக்கும், மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குக் கவலையில்லை, மைனஸ் 80ஐத் தாண்டினால் திணறும். இந்த எண்கள் சாதாரணக் கணக்கு இல்லை. மூன்று குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதியாகிறது, பத்துக் குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் மைனஸ் 84 இருந்தது. ஹாலில் நிலைக்கு மேலிருக்கும் மரப்பலகைக்கு ஒரு லேன் கேபிளை இழுத்து, நாங்களே வாங்கிய ரௌட்டரை அங்கே வைத்தோம். அதே இடத்தில் மைனஸ் 61 ஆனது. இருபத்து மூன்று கூடினால் சக்தி இருநூறு மடங்கு. வேகத்தை ஐம்பதிலிருந்து நூறாக்கக் கொடுத்த பணம் இந்த இடத்தில் ஒரு துளியும் உதவியிருக்காது.

எண்களைப் பற்றிப் பேசும்போது கடைக்காரர் காட்டும் எண்ணையும் சொல்லிவிட வேண்டும். 'ஏசி1200' என்று பெட்டியில் பெரிதாக இருக்கும். 2.4இல் 300, 5இல் 867, இரண்டையும் கூட்டி முழுமையாக்கினால் 1200. ஒரு ஃபோன் ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு அலைவரிசையில்தான் பேசும் என்பதால் அந்தக் கூட்டல் எந்தக் கருவிக்கும் கிடைக்காது. 867உம் காற்றில் போகும் உச்ச வேகம். கைக்கு வருவது அதில் ஏறத்தாழ பாதி. அதைவிட முக்கியம், விலை குறைந்த பல ஏசி1200 ரௌட்டர்களில் வயர் செருகும் துளைகள் நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாதவை. முந்நூறு எம்பிபிஎஸ் திட்டம் எடுத்துவிட்டு அந்தப் பெட்டியை வைத்தால் நூறுதான் வரும். வாங்கும்போது 'ஜிகாபிட் போர்ட் இருக்கிறதா' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அப்புறம் அக்கம்பக்கம். வைஃபையில் ஒரு சானலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்டு, காற்று சும்மா இருக்கும்போது தன் முறையை எடுத்துக்கொள்ள வேண்டும். குழாயடி மாதிரி. குழாய் ஒன்று, குடங்கள் பல. இதில் வாய் குறுகிய குடம் வந்தால் எல்லாருக்கும் தாமதம்: தூரத்து அறையில் சிக்னல் குறைந்த பழைய ஃபோன் மெதுவாகத்தான் பேசும், அது பேசி முடிக்கும் வரை பக்கத்தில் இருக்கும் புது லேப்டாப்பும் காத்திருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டுக் குடங்களும் அதே குழாயில். 2.4இல் சானல்கள் 13 இருந்தாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பயன்படுத்த முடிவது மூன்றே: 1, 6, 11. '3இல் யாரும் இல்லை' என்று அங்கே போய் உட்கார்ந்தால் 1க்கும் 6க்கும் சேர்த்து இடைஞ்சல் செய்வோம், அவையும் நமக்கு இடைஞ்சல் செய்யும். 5இல் இடம் தாராளம். 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 ஜிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. 2.4இல் நமக்கு இருப்பது மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். டிவி, மேசைக் கணினி மாதிரி நகராத கருவிகளை வயரில் இணைத்துவிட்டால் அத்தனை குடங்கள் வரிசையிலிருந்து விலகும். இதைவிட மலிவான வேகக் கூட்டல் எனக்குத் தெரியாது.

மின்வெட்டு நேரத்தில் வீட்டுக்கு இன்வெர்ட்டர் இல்லாவிட்டாலும் ரௌட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடும், சாப்பிடுவது பத்து வாட் அளவுக்குத்தான். வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இரவில் அணைத்துவைத்தால் கரன்ட் மிச்சம் என்று கேட்பவர்களுக்கு: எட்டு வாட் பெட்டி இரண்டு மாதம் இடைவிடாமல் ஓடினால் பதினொன்றரை யூனிட்.

இனி, யாருடைய பெட்டி என்ற கேள்வி. எனக்கு மனதில் அதிகம் உறுத்துவது இதுதான்.

இணைப்புக் கொடுக்கும்போதே பெட்டியையும் கம்பெனியே கொடுக்கிறது. இணைப்பை நிறுத்தினால் திரும்பக் கேட்பார்கள். உள்ளே நுழையும் நிர்வாகப் பாஸ்வேர்டைப் பல இடங்களில் தருவதில்லை. எங்கள் வீட்டில் நான் கேட்டபோது, வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டுமானால் எங்களிடம் சொல்லுங்கள், இங்கிருந்தே மாற்றித் தருகிறோம் என்றார்கள். அவர்கள் அங்கிருந்தே மாற்ற முடியும் என்றால் எங்கள் வீட்டுக் கதவின் இன்னொரு சாவி அவர்களிடம் இருக்கிறது. பழுது பார்க்க அது தேவைப்படும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு சாவி கூட வீட்டுக்காரரிடம் இல்லாமல் இருப்பது சரியில்லை.

ஜெர்மனியில் இதற்காகவே ஒரு சட்டம் வந்தது. 2016 ஆகஸ்ட் 1 முதல் அங்கே வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த ரௌட்டரைத் தன் இணைப்பில் மாட்டிக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய விவரங்களைக் கம்பெனி கேட்காமலே தர வேண்டும். அதே ஆண்டு நவம்பர் கடைசியில் அந்நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனத்தின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு ஒரே நாளில் தடுமாறியது. மிராய் என்ற தீநிரலின் ஒரு வகை, தூரத்திலிருந்து பெட்டியைப் பராமரிக்கத் திறந்துவைத்திருந்த வழியைத் தட்டிப் பார்த்ததுதான் காரணம். ஒரு நாடு முழுக்க ஒரே மாதிரிப் பெட்டிகள், ஒரே மாதிரிப் பின்வாசல் என்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சொந்தப் பெட்டி என்பதன் அருமையைக் காட்டிய கதை ஒன்று உண்டு. 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரௌட்டரை விற்கத் தொடங்கியது. அதன் மென்பொருள் லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளத்தின் மேல் கட்டப்பட்டது என்பதை அடுத்த ஆண்டே சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமப்படி, பொருளை விற்பவர் மூலநிரலையும் கொடுக்க வேண்டும். கேட்டார்கள், நிறுவனமும் வெளியிட்டது. 2004இல் அதிலிருந்து ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரௌட்டர் மென்பொருள் பிறந்தது. பெயரிலேயே அந்தப் பெட்டி இருக்கிறது. தயாரித்த கம்பெனி கைவிட்ட எத்தனையோ பழைய ரௌட்டர்களுக்கு இன்றைக்கும் புது மென்பொருள் கிடைப்பது அதனால்தான்.

நம் ஊரில் செய்யக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. கம்பெனிப் பெட்டியை 'பிரிட்ஜ் மோட்'இல் போடச் சொல்லிக் கேட்கலாம். அப்போது அது ஒளியை மாற்றும் வேலையை மட்டும் செய்யும். மற்றவற்றை நம் சொந்த ரௌட்டர் பார்த்துக்கொள்ளும். இணைப்பின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் நம் கையில் இருக்க வேண்டும். பொறுமையாகக் கேட்டால் சில இடங்களில் செய்து தருகிறார்கள். தராவிட்டாலும் சொந்த ரௌட்டரை அதன் பின்னால் மாட்டி, கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைக்கச் சொல்லலாம். பேரேடு எழுதுபவர் இரண்டு பேராகிவிடுவதால் சில ஆன்லைன் விளையாட்டுகளும், வெளியிலிருந்து வீட்டு கேமராவைப் பார்ப்பதும் சிக்கலாகலாம். சாதாரணப் புழக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டில் இப்போது இருப்பது இந்த ஏற்பாடுதான்.

பெட்டி நம்முடையது என்றால் பூட்டும் நம் பொறுப்பு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து அனுப்பப்பட்டது என்று தேடிய காவல்துறை, நவி மும்பையில் ஒரு அடுக்குமாடி வீட்டின் கதவைத் தட்டியது. அங்கே குடியிருந்தவருக்கும் மின்னஞ்சலுக்கும் தொடர்பில்லை. பூட்டில்லாத அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அதைத் தெளிவுபடுத்தும் வரை அவர் விசாரணையில் சிக்கித் தவித்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஓசியில் நெட் பார்ப்பதைப் பற்றிய கவலை சின்னது. நம் முகவரியில் யார் என்ன செய்தாலும் முதலில் நம் கதவுதான் தட்டப்படும்.

பூட்டில் பழைய வகை டபிள்யூஇபி. 2001லேயே அதை உடைக்கும் வழி வெளியாகிவிட்டது, எந்தப் பெட்டியிலாவது இன்னும் அது இருந்தால் பெட்டியையே மாற்றுங்கள். டபிள்யூபிஏ2 இருந்தால் போதும், 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இருந்தால் நல்லது. பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ இணைக்கவிடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவைப்பது நல்லது. எட்டு இலக்க எண் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் பெட்டி முதல் நான்கு இலக்கத்தைத் தனியாகவும், அடுத்த மூன்றைத் தனியாகவும் சரிபார்த்தது. கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்குப் போட்டே வருவது. ஆக, பத்தாயிரமும் ஆயிரமும் சேர்த்துப் பதினோராயிரம் முயற்சியில் கதவு திறந்துவிடும். 2011 டிசம்பரில் இது வெளிவந்தது.

வைஃபை பாஸ்வேர்ட் வேறு, ரௌட்டருக்குள் நுழையும் நிர்வாகப் பாஸ்வேர்ட் வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது வீட்டுக்குள் வருவதற்கு, இரண்டாவது வீட்டின் பூட்டையே மாற்றுவதற்கு. முதலாவதைப் பேரன் பெயரில் அக்கறையாக வைத்துவிட்டு இரண்டாவதைப் பெட்டியோடு வந்த 'அட்மின்' என்றே விட்டுவிடுகிறோம். மிராய் 2016இல் லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது பெரிய வித்தையால் இல்லை. தொழிற்சாலையில் வைத்த அறுபது சொச்சம் பெயர் - பாஸ்வேர்ட் ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்து விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்துவிட்டது. எத்தனை காலம் பாதுகாப்பு மென்பொருள் தருவோம் என்பதையும் விற்பவர் அங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இங்கே நாம் கடையில் ரௌட்டர் வாங்கும்போது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர் யாருமில்லை. ஐந்து வருடப் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கும்போது, அதற்குக் கடைசியாக எப்போது மென்பொருள் வந்தது என்று தயாரிப்பாளரின் தளத்தில் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஹாலில் பெட்டியை வைத்த அன்று, இரண்டு பாஸ்வேர்டையும் எங்கே எழுதிவைப்பது என்று அப்பா கேட்டார். கேஸ் புக் செய்த தேதிகளைக் குறித்துவைக்கும் நோட்டில் எழுதலாம் என்றேன். வைஃபை பாஸ்வேர்டை முன்பக்கத்தில் எழுதினார், வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் காட்ட. நிர்வாகப் பாஸ்வேர்டைக் கடைசிப் பக்கத்தில் எழுதி, மென்பொருள் புதுப்பித்த தேதியையும் அதன் கீழே குறித்தார். இந்தப் பொங்கலுக்குப் போனபோது அந்தப் பக்கத்தில் நான்கு தேதிகள் இருந்தன. மூன்று அப்பாவின் கையெழுத்து, ஒன்று அம்மாவுடையது.